துப்பாக்கி இல்லாத சிப்பாய்

அரூரில் என் பைப்புக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள். முன்கூடத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கத்தான். உள்ளே விளக்கு வைத்திருக்கிறேன். ஸ்விட்சைத் தட்டினால் ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள் மூன்று வரிசையாக நிற்பது தெரியும். சிவப்புக் கோட்டு, மண்பானையைக் கவிழ்த்தது போல உரோமத் தொப்பி, காலுக்கடியில் பச்சைத் தகடு. என் மகனோடு படித்த ஒருவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இது சீமையில் செய்தது, இந்த மாதிரி பொம்மைகளைச் சேர்த்து வைக்கிறதுக்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி விலை கேட்டார். நான் விலைக்குக் கொடுப்பது பைப்பும் மோட்டாரும்தான் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் போகும்போது, "பின்வரிசையில ஒரு இடம் காலியா இருக்கே, தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்விதான். தொலையவில்லை. ஒரு தரம் தொலைந்தது, அதைக் கண்டுபிடித்தவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் என் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் கடத்தூர்ப் பக்கம். மாதா கோயிலைச் சுற்றி வேதக்காரர்கள் வீடு. எல்லாருக்கும் கொஞ்சம் நிலம், நிறைய வெயில். எங்கள் சித்தப்பா ஒருவர்தான் பட்டாளத்துக்குப் போனவர். கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தால் மரத்தூள். கையை விட்டுத் துழாவினால் ஒவ்வொருவராகச் சிப்பாய்கள் வெளியே வந்தார்கள். பெங்களூரில் அவருடைய ஆபீசர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், இதை நீ வைத்துக்கொள் என்று ஆபீசர் வீட்டு அம்மாள் கொடுத்தார்களாம். சித்தப்பா அதை அப்பாவிடம் கொடுத்தார். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் புது மனைவியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

வேறு யாராவதாக இருந்தால் பொம்மையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருப்பார்கள். என் அப்பா அந்த ரகம் இல்லை. இந்த விஷயத்தில் நான் அவரைத்தான் கொண்டிருக்கிறேன். கடத்தூரில் ஒரு மிட்டாய்க் கடை மூடிப்போனது. அங்கே மைசூர்பாகும் ஜிலேபியும் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா வாசலில் நின்றபடி, "மிட்டாய் எங்க?" என்றாள். அப்பா பெட்டியை இறக்கி முன்கூடத்தில் வைத்தார். சித்தியின் கல்யாண ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த பச்சைத் துண்டைக் கேட்டு வாங்கி உள்ளே விரித்தார். அதன்மேல் சிப்பாய்களை நிறுத்தினார். குதிரைமேல் வாளோடு ஒருவன் முன்னால். கொடிக்காரனும் மேளக்காரனும் அவனுக்கு இரண்டு பக்கம். துப்பாக்கிக்காரர்கள் பின்னால். ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். "அப்போஸ்தலர் கணக்கு" என்றார் அப்பா, ஏதோ அவரே எண்ணி வார்த்தது போல.

பெட்டியிலிருந்து சர்க்கரை வாசனை போகவே இல்லை. எந்த ஓட்டை வழியாகவோ எறும்புகள் வரும். சிப்பாய்கள் அசையாமல் நிற்க, எறும்புகள் அவர்களுக்கு முன்னால் ஒழுங்காக வரிசை கட்டிப் போகும். அந்த வீட்டில் உண்மையாக நடந்த அணிவகுப்பு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரார் பார்க்க வருவார்கள். அப்பா சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவனையும் எடுத்துப் பழைய வேட்டித் துணியால் துடைத்துத் திரும்ப வைப்பார். பிறகு துடைப்பக் குச்சியால் தொட்டுக் காட்டி விளக்கம் சொல்லுவார். யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

"இதுல உன் தம்பி யாருப்பா?"

அப்பா குச்சியைக் குதிரைக்காரன்மேல் வைப்பார். "இதோ, இவன்தான்."

சித்தேரி மலையிலிருந்து புளி கொண்டுவருகிற ஒருவர் ஒரு தரம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தலையில இருக்கிறது கரடித்தோலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. "கரடியை அடிச்சவங்களா, இல்ல வாங்கிப் போட்டவங்களா?" அப்பாவுக்கு அது தெரியவில்லை. அடித்தவர்கள்தான் என்று சொல்லிவிட்டார். மலைக்காரர் தலையை ஆட்டினார். "அப்பிடித் தெரியலீங்களே. கரடிகிட்டப் போனவன் இவ்ளோ நேரா நிக்கமாட்டான்."

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்குத் துப்பாக்கி கிடையாது. வரும்போதே உடைந்திருந்தது. பின்வரிசையில், ஓரத்தில், வெறுங்கையோடு எதையோ ஏந்தி நிற்பது போல நிற்பான். கோட்டிலும் பாதி சிவப்பு போய் ஈயம் வெள்ளையாகத் தெரியும். அப்பா அவனைப் பற்றி விளக்கம் சொல்லமாட்டார். குச்சி அவனைத் தாண்டிப் போய்விடும்.

எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகை நடுவில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அதற்கு முன்பே சித்தப்பாவிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. கடத்தூர் டீக்கடையில் ரேடியோ கேட்டுவிட்டு அப்பா வருவார். சித்தி வாசற்படி வரைக்கும் வந்து நிற்பாள். அப்பா, "நம்மாளுங்க முன்னேறிப் போறாங்களாம்" என்பார். சித்தி உள்ளே போய்விடுவாள். அவளுக்கு வேண்டியது நம்மாளுங்க பற்றிய செய்தி இல்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் போதும், வீட்டில் எல்லார் கையும் நின்றுவிடும். தந்தியாக இருக்கக்கூடாதே என்பதுதான் எல்லார் மனசிலும். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை விளக்கம் மட்டும் முன்னைவிடச் சத்தமாகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் சுற்றி நிற்கையில் அப்பா பெட்டியைத் திறந்தார். துணியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பின்வரிசை ஓரம் காலி. துப்பாக்கி இல்லாதவனைக் காணவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரிப்பாக, "பன்னெண்டுல ஒருத்தன் யூதாசு ஆயிட்டானா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "சண்டை நடக்கிற நேரத்துல ஒரு ஆளு குறையுதே" என்றாள். சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டாள். அதுவரை அது பொம்மை. அந்த நிமிஷத்திலிருந்து அது சித்தப்பா.

அப்பா என் பக்கம் திரும்பினார். அதற்குக் காரணம் இருந்தது. குளிக்கும்போது அவர் சாவியைக் கிணற்றடி ஆணியில் மாட்டுவார். முன்பு ஒரு தரம் அதை எடுத்துக் குதிரைக்காரனை வெளியே கொண்டுவந்து நிஜக் குதிரை போலப் புல் காட்டியவன் நான். ஆனால் இந்தத் தரம் நான் தொடவில்லை. சொன்னேன். யார் கேட்கிறார்கள்? புளிய விளாரால் நாலு விழுந்தது. "எங்கடா போட்ட? கேணியிலயா? சித்தப்பனைத் தூக்கிக் கேணியில போட்டுட்டு வந்து நிக்கிறியேடா."

அன்று சாயங்காலம் சித்தி என் காலில் விளக்கெண்ணெய் தடவினாள். அவள் கண்ணீர் என் முழங்காலில் விழுந்தது. புருஷனை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "அழாத சித்தி, அந்தச் சிப்பாயை நான் கண்டுபிடிச்சித் தர்றேன்" என்றேன். அவள் தடவுவதை நிறுத்திவிட்டு, "வேணாம்டா, தேடாத" என்றாள். நான் யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்? வேண்டாம் என்று சொன்ன வேலைகளைச் செய்துதான் நான் இந்த நிலைக்கு வந்தேன்.

வேதக்காரர்களுக்குத் தெரியும், காணாமல் போன பொருளைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். ஆட்டுக்குட்டி தொலைந்தாலும் மூக்குத்தி தொலைந்தாலும் அவரிடம்தான் போவோம். செவ்வாய்க்கிழமை அவருக்கு உகந்த நாள். நான் அம்மாவின் பானையிலிருந்து ஒரு கை உப்பு, கொஞ்சம் மிளகு அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வழியில் கோயிலுக்குள் நுழைந்தேன். யாரும் இல்லை. அந்தோணியார் பக்கவாட்டுப் பீடத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அவர் காலடியில் எப்போதும் போல நேர்ச்சைப் பொருள்கள். கண் வலி என்றால் தகட்டில் செய்த கண், கால் வலி என்றால் கால், பிள்ளை வரம் என்றால் தொட்டில். முழு ஆளுக்காக வேண்டிக்கொண்டவர்கள் முழு ஆள் உருவம் வைப்பார்கள்.

முழங்காலில் நின்று, என் சிப்பாயைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு உப்பை வைக்கக் குனிந்தேன். தகட்டுக் காலுக்கும் தகட்டுத் தொட்டிலுக்கும் நடுவில், வெறுங்கையை ஏந்திக்கொண்டு, அவன் நின்றான்.

கேட்ட வாய் மூடவில்லை, கொடுத்துவிட்டார். நான் இதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பாங்கு மேனேஜர், கலெக்டர் ஆபீஸ், கரண்ட் ஆபீஸ். இவ்வளவு சீக்கிரம் யாரும் கொடுத்ததில்லை. உப்பை அங்கேயே கொட்டிவிட்டுச் சிப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஊரே திரண்டு வந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். விளார் எடுத்த கையாலேயே தூக்கினார். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து, "அது யாரோ வெச்ச..." என்று ஆரம்பித்தார். சுற்றிலும் முகங்களைப் பார்த்துவிட்டு, "அந்தோணியார் வெச்சதுதான்" என்று முடித்தார். அப்பா சிப்பாயைத் துடைத்து, பின்வரிசையில் வைக்காமல், முன்னால் குதிரைக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "பாத்துக்கங்க. தொலைஞ்சவன் திரும்பி வந்துட்டான். என் தம்பியும் வந்துடுவான்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

சித்தி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் களி கிண்டுகிற துடுப்பு. பெட்டிக்குள் இருந்தவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. "எங்க இருந்திச்சி?" என்று கேட்டாள். அந்தோணியார் என் கையில் கொடுத்தார் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். "அவரே குடுத்தாரா?" என்றாள். "அவரேதான் சித்தி. இந்தா, எடுத்துக்கினு போன்னு குடுத்தாரு." சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் தலை சுற்றிவிட்டது என்று பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள். அம்மா மட்டும் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அதன்பிறகு சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டி இருக்கும் பக்கம் வருவதில்லை. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள். சித்தப்பாவைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அடுத்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை சித்தி காலையில் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தலையில் முக்காடு. அம்மா ஏதோ சந்தேகப்பட்டு முக்காட்டை விலக்கினாள். மொட்டை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி, ஊரில் கண்ணுபடுகிற முடி, ஒன்று இல்லை.

அப்பா கத்தினார். "நேந்துக்கினது பலிச்ச பொறவு மொட்டை போடுவாங்க. ஆளு வர்றதுக்கு முன்னாடி யாராவது போடுவாங்களா? புருஷன் பட்டாளத்துல இருக்கறப்ப மொட்டைத் தலையா வந்து நிக்கிறியே, ஊரு என்னாம்மா பேசும்?"

சித்தி அப்பாவிடம் நிமிர்ந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "என் முடிதானுங்களே மாமா. அது என்னுதுதானே. வேற யாருதும் இல்லியே" என்றாள்.

அப்பா துண்டை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. நான் சிப்பாயைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றியாகச் சித்தி மொட்டை போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். எனக்காக முடியையே கொடுத்தாள் என்று சொன்னேன். வாத்தியாரிடம்கூடச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் பூசைக்குச் சித்தி முக்காட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பொங்கலும் போனது. மாசியில் ஒரு நாள் மத்தியானம், பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் டிரங்குப் பெட்டியோடு சித்தப்பா நடந்து வந்தார். மலேரியாக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை கால் எல்லாம் இருந்தது. வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தார். முக்காடு நழுவி, முள்முள்ளாக முளைத்த தலை தெரிந்தது. டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "என்னைவிட உனக்குத்தான் பட்டாளத்துக் கிராப்பு நல்லா இருக்குது" என்றார். சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிசு. அப்பா பெட்டியைத் திறந்து, நிஜமான தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குச்சியால் குதிரைக்காரனைத் தொட்டார். "இவன்தான் என் தம்பி."

சித்தப்பா குனிந்து பார்த்தார். "நான் குதிரையில ஏறுனதே இல்லியேண்ணா" என்றார். "சமையக்கட்டுல சப்பாத்தி சுடறவன் நானு. எனக்கு ஏது குதிரை?" கூட்டம் சிரித்தது. அப்பா குச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் காதைக் குடைந்தார். சித்தப்பா வெறுங்கைச் சிப்பாயைக் காட்டி, "இவன் ஏன் முன்னாடி வந்துட்டான்?" என்று கேட்டார். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? காணாமல் போனது, விளார், உப்பு, மிளகு, அந்தோணியார் கையை நீட்டிக் கொடுத்தது, சித்தி மொட்டை போட்டது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சித்தப்பா முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. அந்தச் சிப்பாயைக் கையில் எடுத்து, ஏந்தியிருந்த அந்த வெறுங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அன்றைக்குக் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது சித்தியும் சித்தப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி சொன்னாள். "வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுன்னு யாருகிட்டயும் சொல்லல. புள்ளை அடி வாங்கினான், அப்பவும் சொல்லல. ஒங்களுக்குப் பதிலா அவனைக் கொண்டுபோயி வெச்சேன். அந்தோணியாரு வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாருன்னு நெனச்சேன். மாமா வூட்டுச் சாமானை எடுத்துக் குடுத்தா யாரு வாங்குவாங்க? அதான் என்னுதைக் குடுத்தேன்."

எனக்குக் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. அடி வாங்கினது நான் என்பதோடு என் கவனம் நின்றுவிட்டது. மாடு வேறு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெறுங்கைச் சிப்பாயை அண்ணனிடம் கேட்டார். அப்பா அவனை எடுத்துத் துடைத்தார். "இது இனிமே உன்னுதும்மா" என்று சித்தியிடமே கொடுத்தார். சித்தி, சித்தப்பா, நான், மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். சித்தி அவனை அந்தோணியார் காலடியில், தகட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில், முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது பைப்பு வேலை முழுக்க என் செலவு. அந்தப் பீடத்தை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எவ்வளவு பாடுபட்டு மீட்டு வந்த சிப்பாய். அந்தோணியார் கூப்பிட்டுக் கொடுத்ததை அவரிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்தால் அவருக்கு மனசு வருத்தப்படாதா? இனி எதையாவது தொலைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பெட்டியில் வரிசை வேறு ஓட்டையாகிவிட்டது. அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தி அன்றைக்கு முக்காடு போடவில்லை. அந்த முள்தலையின்மேல் சித்தப்பா தன் துண்டை எடுத்துப் போட்டார். நான் பத்தடி பின்தங்கி, கல்லை உதைத்துக்கொண்டே வந்தேன். நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததால்தானே இந்த மனுஷன் உயிரோடு திரும்பி வந்தார், அந்த நன்றிகூட இல்லாத ஜனங்கள் என்று நினைத்து, வீடு வந்து சேருகிற வரைக்கும் இரண்டு பேரிடமும் பேசவில்லை.